எட்டா, பத்தா?

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் ‘வலிக்காத அக்கா’. காலை ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறவர்களில் பாதிப் பேர், சீட்டைக் கொடுக்கும்போதே, “வலிக்காத அக்கா வந்துட்டாங்களா?” என்று கேட்பார்கள். ஊசியைக் கண்டாலே முகம் வெளுத்துப்போகிற பெரிய பெரிய மீசைக்காரர்கள்கூட அவளிடம் கையை நீட்டிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். “முடிஞ்சுது, கண்ணத் திறங்க” என்பாள். “எப்ப குத்துனீங்க?” என்பார்கள். இருபத்தாறு வருடமாக அந்தக் கைராசி.

வயது ஐம்பத்திரண்டு. மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. கணவர் என்று ஒருவர் இருந்தார். பதினைந்து வருடத்துக்கு முன்னால், சண்டை சச்சரவு இல்லாமல், வேறொரு வாழ்க்கைக்குப் போய்விட்டார். போகிற அன்று காலையில்கூட, ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் போனார். அதனால் அவரை வாயாரத் திட்டவும் அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. பிள்ளைகள் இல்லை. வேறு ஊரில் ஒரு தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கழுவிக்கொண்டே போன் பேசுவான். தண்ணீர் பீய்ச்சுகிற இரைச்சலில் அவன் சொல்வது பாதிதான் கேட்கும். அவள் சொல்வது அவனுக்கு அதில் பாதி.

பறவைகள் அவள் வாழ்க்கைக்குள் வந்தது பேருந்தால். சாலையைத் தோண்டிப்போட்டதில் இரண்டு மாதம் நிறுத்தத்தை ஒரு குளத்தங்கரைக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்தால் பேருந்துக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தாள். முதலில் எல்லாமே வாத்து என்றுதான் நினைத்தாள். பிறகு ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி பழுப்பாக ஒரு பறவை. சட்டென்று முங்கும். இங்கேதான் எழும் என்று அவள் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது வேறெங்கோ எழுந்து தலையைச் சிலுப்பும். ஒரு நாள்கூட அவள் கணக்கு சரியாக வரவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்ததில் அதன் பெயர் முக்குளிப்பான் என்று தெரிந்தது. சாலை வேலை முடிந்து நிறுத்தம் பழைய இடத்துக்குப் போன பிறகும் அவள் குளத்தங்கரைக்கு வருவதை நிறுத்தவில்லை.

அந்த முக்குளிப்பான் எதிர்க்கரைப் பாசிக்கு நடுவில் கூடு கட்டியது. கூடு என்றால், தண்ணீரில் மிதக்கிற ஒரு குப்பைக் குவியல். அதன்மேல் உட்கார்ந்திருக்கும், இறங்கிப் போகும்போது அலகால் பாசியை இழுத்து எதையோ மூடிவிட்டுப் போகும். எதை என்று இங்கிருந்து தெரியவில்லை. மூன்று வாரம் போல அடைகாக்கும், பொரித்த குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிச் சவாரி போகும் என்று புத்தகம் சொன்னது. அந்தச் சவாரியைப் பார்த்தே தீர வேண்டும் என்று அவளுக்குப் பிடித்துக்கொண்டது. வெகுகாலத்துக்குப் பிறகு அவள் ஒன்றை ஆசைப்பட்டது அப்போதுதான்.

“ஆன்லைன்ல பாத்து வாங்கிக்கக்கா. நாலு நட்சத்திரத்துக்கு மேல இருக்கிறதா பாத்து வாங்கு” என்றான் தம்பி. “ஆமா, எதுக்கு பைனாகுலர்?”

“பறவை பாக்க.”

“யார பாக்க?” என்று கேட்டது தண்ணீர் இரைச்சல்.

ஒரு சனிக்கிழமை மதியம் கடைக்கே போனாள். மூக்குக் கண்ணாடி, பூதக்கண்ணாடி, தொலைநோக்கி எல்லாம் விற்கிற குறுகலான கடை. கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி, கழுத்தில் சங்கிலி போட்டு ஒரு கண்ணாடி.

“என்ன பறவைம்மா?” என்றார்.

“சின்னது. தண்ணியில இருக்கு. நூறடி, நூத்தம்பதடி தூரம் இருக்கும்.”

அவர் இரண்டை எடுத்து மேசைமேல் துணி விரித்து வைத்தார். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே பருமன், அக்காள் தங்கை மாதிரி இருந்தன. ஒன்றில் எட்டு என்று போட்டிருந்தது, இன்னொன்றில் பத்து.

“எட்டுன்னா எட்டு மடங்கு பக்கத்துல காட்டும். பத்துன்னா பத்து மடங்கு.”

“அப்ப பத்துதானே நல்லது?”

“எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. பத்துல பெருசா தெரியும், ஆனா கொஞ்ச இடம்தான் தெரியும். பறவையத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள அது வேலைய முடிச்சுட்டுப் போயிடும். எட்டுல இடம் அகலமா தெரியும். நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்க. இந்த ரப்பர் வளையத்த உள்ள திருகிக்கோங்க, அப்பத்தான் முழு வட்டமும் கண்ணுக்குக் கிடைக்கும்.”

பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருக்கோடியில் இருந்த பல் மருத்துவமனைப் பலகையைப் பார்த்தாள். எழுத்துகள் பெரிது பெரிதாகப் பாய்ந்து வந்தன. ஆனால் ஒன்றும் நிற்கவில்லை, குலுங்கிக்கொண்டே இருந்தன.

“இது ஏதோ லூசா இருக்கு போல. ஆடுது.”

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். “கருவி ஆடாதும்மா” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, “பத்துன்னா எல்லாருக்கும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்” என்றார்.

எட்டில் பார்த்தாள். ஆட்டம் குறைவு. ஆனாலும் இருந்தது.

“கடை வாசல்ல நின்னு முடிவு பண்ணாதீங்க. அடையாள அட்டைய வெச்சுட்டு ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. செவ்வாய்க்கிழமை கொண்டாங்க” என்றார் அவர். “ஒண்ணு மட்டும் பண்ணுங்க. கூட ஒருத்தர கூட்டிட்டுப் போங்க. ஒருத்தர் எட்டுல பாக்கணும், ஒருத்தர் பத்துல பாக்கணும், அப்புறம் மாத்திக்கணும். நம்ம கண்ணு நமக்குச் சாதகமாத்தான் சாட்சி சொல்லும். இன்னொருத்தர் இருந்தாத்தான் உண்மை தெரியும்.”

“சரி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். யாரைக் கூட்டிப் போவது?

எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் போய் நின்றாள். அவர் கதவைப் பாதி திறந்து, “நாளைக்கா? விடைத்தாள் மலை மாதிரி கெடக்கு. அடுத்த மாசம் கட்டாயம் வரேன்” என்றார். பரிசோதனைக் கூடத்தில் ரசீது போடுகிற பெண்ணுக்குச் செய்தி அனுப்பினாள். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது; வருவாளா மாட்டாளா என்பது அதில் இல்லை. வேறு யார் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கேஸ்காரர், தையல்காரர், மின்கட்டண அலுவலகம், உயிரோடு இல்லாத இரண்டு பேர். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிறு காலையில் தனியாகவே போனாள். பலகையில் உட்கார்ந்து எட்டில் பார்த்தாள், பத்தில் பார்த்தாள், மறுபடி எட்டில். பத்தில் பறவையின் கண் தெரிந்தது, கன்னத்தில் செம்பழுப்பு தெரிந்தது. ஆனால் எல்லாம் நிலநடுக்கத்தில் பார்ப்பது போல இருந்தது. மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். முழங்கையை விலாவில் ஒட்டவைத்துப் பார்த்தாள். அரைமணி நேரத்தில் கண்ணுக்குள் கலங்கி, தலை சுற்றியது. கருவியில்தான் ஏதோ கோளாறு, கடைக்காரர் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவுசெய்துகொண்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை மதியம் குளத்தில் ஒரு தட்டைப் படகு நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நீளக் கம்பியால் பாசியை வாரி வாரிப் படகில் போட்டுக்கொண்டிருந்தார். பாதிக் குளம் வெறுந்தண்ணீராகியிருந்தது. அவர் கரையேறித் தண்ணீர் குடிக்க வந்தபோது, அவளுடைய மடியில் இருந்த இரண்டையும் பார்த்தார்.

“ரெண்டு கண்ணுக்கு ரெண்டு பைனாகுலரா மேடம்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எத வாங்குறதுன்னு தெரியல. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்.”

அவர் கையை இரண்டு முறை சட்டையில் துடைத்துக்கொண்டு எட்டை வாங்கினார். “ஐயையோ, படகு இங்க வந்துடுச்சு!” என்று ஒரு கையை முன்னால் நீட்டினார். “இவ்ளோ அழுக்காவா இருக்கு நம்ம படகு? தூரத்துல இருந்து பாத்தா மானமா இருந்துச்சே.” பிறகு பத்தை வாங்கினார். நின்றவாக்கில், எதிலும் சாயாமல், வெகுநேரம் பார்த்தார்.

“இதுதாங்க நல்லாயிருக்கு.”

“ஆடலியா?”

“ஆடலியே. சுவத்துல மாட்டுன படம் மாதிரி அப்படியே நிக்குது.”

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். காலையிலிருந்து கம்பி பிடித்த கைகள். கொஞ்சமும் அசையவில்லை. பிறகு தன் கைகளை மடியிலிருந்து எடுத்து முன்னால் நீட்டிப் பார்த்தாள். வலது கை, காற்றுப்பட்ட தாள் மாதிரி, மெல்ல, விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அது அவளுக்குத் தெரியாத செய்தி இல்லை. ஆறு மாதமாகவே ஊசி போடும்போது மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திக்கொள்ளப் பழகியிருந்தாள். தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டாள். சாப்பிடாமல் வேலை பார்ப்பதால் என்று சொல்லிக்கொண்டாள். போன மாதம் இரண்டு பேருக்கு இரண்டு முறை குத்த வேண்டிவந்தது. பத்து வருடமாக அவளிடம் மட்டுமே கை நீட்டுகிற ஓய்வுபெற்ற தபால்காரர், அதற்கடுத்த வாரம், ஒன்றும் சொல்லாமல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவசரம் போல என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தாள்.

“அங்க ஏதோ பறவை உக்காந்திருக்கு பாத்தீங்களா?” என்றார் பாசிக்காரர், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல். “நான் குப்பைன்னு நெனச்சேன். அதுக்கடியில முட்டைங்க. ஒண்ணு, ரெண்டு... நாலு இருக்கு. அது எழுந்து திரும்பி உக்காந்துச்சு, அப்பத் தெரிஞ்சுது.”

அவள் அவசரமாக எட்டை எடுத்து வைத்தாள். பறவை முட்டைகளை மூடி உட்கார்ந்துவிட்டிருந்தது.

“நாளைக்கு அந்தப் பக்கம்தான் வார்றதா இருந்தேன்” என்றார் அவர்.

“ஐயோ, வேணாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல பொரிச்சிடும்.”

“சூப்பர்வைசர் மொத்தக் குளமும் பளிச்சுன்னு இருக்கணும்னு சொல்லியிருக்காரு.” கொஞ்சம் யோசித்தார். “சரி விடுங்கக்கா. அந்த மூலையில கல்லு இருக்கு, படகு போகலன்னு சொல்லிக்கிறேன். நேர்ல வந்து பாக்கவா போறாரு? அவருக்குத் தண்ணியப் பாத்தாலே தலசுத்தும்.”

பைனாகுலரை அவள் கையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகுக்குப் போனார். மேடம் எப்போது அக்கா ஆனாள் என்பதை அவள் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தாள். அன்று அவளுக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, நான்கு வயதுக் குழந்தை ஒன்றை அதன் அம்மா கூட்டிவந்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். கொழுகொழுவென்ற கை. நரம்பு கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்படிப்பட்ட கைகளுக்காகவே அவளைத் தேடி வருவார்கள். ரப்பர் பட்டையைக் கட்டினாள். தடவினாள், நரம்பு அகப்பட்டது. பஞ்சால் துடைத்தாள். ஊசியின் உறையைக் கழற்றினாள்.

ஊசிமுனை நிற்கவில்லை.

மணிக்கட்டை மேசையில் அழுத்தினால் நின்றுவிடும், அது அவளுக்குத் தெரியும். அழுத்தவில்லை. ஊசியைத் தட்டில் வைத்தாள். பட்டையை அவிழ்த்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமான பெண்ணைக் கூப்பிட்டாள்.

“இங்க வந்து நீ எடும்மா.”

“நானாக்கா? குழந்தைக்கா?”

“நரம்பு இங்க இருக்கு. என் விரல் இருக்கிற இடத்துல வை. அவசரப்படாத.”

குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. “வலிக்காத அக்கா நீங்கதானே?” என்று இவளைக் கேட்டது.

“இல்ல கண்ணு. இவங்கதான்.”

புதியவளுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் கை நன்றாக நின்றது. ஒரே குத்து. குழந்தை அழத் தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது.

அவள் நேராக டாக்டரின் அறைக்குப் போனாள். கூடத்தை நடத்துகிற டாக்டரம்மா அவளைவிட இரண்டு வயது சின்னவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கைகளை நீட்டச் சொல்லி, அவற்றின்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் சடசடத்தது. ஒரு சுருள்கோடு வரையச் சொன்னார். வரைந்ததை இருவரும் பார்த்தார்கள். ரம்பப் பல் மாதிரி இருந்தது.

“எத்தன நாளா?”

“ஆறு மாசம் இருக்கும்.”

“ஏன் சொல்லல?”

“யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல டாக்டர்.”

டாக்டரம்மா நரம்பு மருத்துவருக்குச் சீட்டு எழுதினார்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய் இரண்டையும் துணிமேல் வைத்தாள்.

“யாரையாவது கூட்டிட்டுப் போனீங்களா?” என்றார் கடைக்காரர்.

“ஒருத்தர் பாத்தாரு.”

“என்ன சொன்னாரு?”

“பத்துதான் நல்லாயிருக்குன்னாரு.”

“அப்ப பத்தா?”

“எட்டு குடுங்க. பாக்கப்போறது நான்தானே” என்றாள்.

கடைக்காரர் உள்ளே போய், கைத்தடி போல ஒரு குழாயைக் கொண்டுவந்தார். இழுத்தால் நீள்கிற ஒற்றைக்கால் தாங்கி. எட்டை அதன் தலையில் திருகிப் பொருத்தி, உயரத்தைச் சரிசெய்து, அவளிடம் கொடுத்தார். “உக்காந்துகிட்டு, கால் நடுவுல ஊணிக்கோங்க. கை சும்மா தொட்டுட்டு இருந்தாப் போதும்.” அவள் அவருடைய முக்காலியில் உட்கார்ந்து வாசல் வழியே பார்த்தாள். பல் மருத்துவமனைப் பலகை வந்து நின்றது. ‘ஞாயிறு விடுமுறை’ என்ற சின்ன எழுத்துவரை படித்தாள்.

“நிக்குதுங்க” என்றாள்.

“நிக்கும்” என்றார் அவர்.

நரம்பு மருத்துவரைப் பார்க்கவும், படம் எடுக்கவும், முடிவு வாங்கவும் பத்து நாளுக்குமேல் ஓடிவிட்டது. பயந்த மாதிரி எதுவும் இல்லை. வெறும் கை நடுக்கம். உயிருக்கு ஒன்றும் ஆகாது, மாத்திரையில் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது, வயது ஏற ஏறக் கூடலாம். காத்திருப்போர் நாற்காலிகளில் எல்லாரும் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். அவள் பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் சொன்னாள். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டான். அந்த ஒன்றிலேயே அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “காபியக் குறைச்சுக்கோக்கா. நீ ரொம்பக் குடிக்கிற” என்றான். “சரிடா” என்றாள். மறுபடி தண்ணீர் சத்தம் கேட்டது.

கூடத்தில் அவளைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், குப்பிகளுக்குப் பெயர் ஒட்டுகிற மேசைக்கு மாற்றினார்கள். சம்பளத்தில் கைவைக்கவில்லை, மரியாதையிலும் குறை இல்லை. காலை ஆறு மணிக்குக் கூட்டம் வரும்போது, “வலிக்காத அக்கா இருக்காங்களா?” என்று யாராவது கேட்பார்கள். ரசீது போடுகிற பெண் புதியவளுடைய நாற்காலியைக் காட்டுவாள். இவள் தலையைக் குனிந்து, பெயரைச் சரியாக நடுவில் ஒட்டுவாள்.

குஞ்சு பொரிக்கும் நாள் கணக்கெல்லாம் தப்பிப்போன பிறகுதான் எட்டையும் தாங்கியையும் எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். குளம் பளிச்சென்று இருந்தது. எதிர்க்கரை மூலையில் மட்டும் ஒரு பாய் அளவுக்குப் பாசி விட்டிருந்தார்கள். தாங்கியை ஊன்றிப் பார்த்தாள். கூடு இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, நனைந்து, காலியாக. முட்டை ஓடு ஒன்றும் தெரியவில்லை. பறவையும் இல்லை. பொரித்துப் போனதா, பாம்போ பருந்தோ கொண்டுபோனதா என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

படகில் வேறு ஆள் இருந்தார், வயதானவர். கரைக்கு வந்தபோது கேட்டாள்.

“முன்னாடி இருந்தவர் எங்கங்க?”

“அவர வேற குளத்துக்கு மாத்திட்டாங்கம்மா.”

“அந்த மூலையில மட்டும் ஏன் விட்டிருக்கீங்க?”

“அங்க தொடாதீங்க, ஒரு அக்கா பாக்க வருவாங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. எந்த அக்கான்னு சொல்லல.”

“ஓ” என்றாள். நான்தான் அது என்று அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. அவர் கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பிப் போய்விடலாம் என்று தாங்கியின் பூட்டைத் தளர்த்தினாள். அப்போது, தண்ணீர் வற்றின ஓரச் சேற்றில் எதுவோ ஓடியது. பூட்டை மறுபடி இறுக்கிப் பார்த்தாள். குச்சிக் காலும் நீண்ட மூக்குமாகச் சின்னதாக ஒன்று. இரண்டடி ஓடும், நிற்கும், வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும், சேற்றைக் குத்தும், எதையோ பிடுங்கி விழுங்கும். மார்பின் வெள்ளை தோளோரம் வளைந்து ஏறுவதுகூடத் தெரிந்தது. அதன் பெயர் அவளுக்குத் தெரியாது. அது ஒரு புழுவைப் பிடித்து இழுத்தது. புழு ரப்பர் மாதிரி நீண்டு, சட்டென்று கொஞ்சம் விட்டுக்கொடுக்க, பறவை பின்னால் தடுமாறி விழப்போய்ச் சமாளித்து நின்றது.

“அட, பாருங்களேன்!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

பலகையின் மறுமுனை வெயிலில் காலியாகக் கிடந்தது. அவள் சற்று நேரம் அதைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எட்டுக்குள் குனிந்தாள். பறவை அங்கேயே இருந்தது. புழுவை அது விட்டபாடில்லை.